மீசைக்குக் கீழே முந்தி

1

போன மாதம் என் தம்பி சேகர் வீடியோ அழைப்பில் என்னைத் திட்டினான். "ஒரு ஆம்பள, புடவையைப் போட்டுக்கினு போட்டோவுக்கு நிக்கலாமாண்ணா?" என்று அவன் கேட்டபோது, அவனுடைய இடது தோளில் அரக்கு நிறப் பட்டுப்புடவை ஒன்று கிடந்தது.

கையகலக் கரை. முந்தி மார்பு முழுவதும் விரிந்து, இடுப்பைத் தாண்டி, கைபேசித் திரைக்கு வெளியே எங்கோ இறங்கிப் போயிருந்தது. ஜரிகை மின்னியது. ஜரிகைக்கு மேலே மீசை. மீசைக்கு மேலே கோபம்.

அங்கே நண்பகல். இங்கே லைப்சிக் நகரத்தில் காலை எட்டு மணி. டிராமில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஜெர்மானியர்கள் டிராமில் இருமுவதற்குக்கூட யோசிப்பவர்கள். என் கைபேசியிலிருந்து காஞ்சிபுரம் காந்தி சாலைப் பட்டுக்கடையே கத்தியது.

"சேகரு, உன் தோள்ல கெடக்குதே, அது என்னாடா?"

"இது வேலைண்ணா."

"என்னுதும் வேலைதாண்டா."

"வேலைன்னா கடையோட நிக்கணும். கண்ணாடி போட்டுச் செவுத்துல மாட்டிக்கிறதுக்குப் பேரு வேலையா?"

பின்னாலிருந்து ஒரு அம்மாளின் குரல் வந்தது. "தம்பி, சண்ட போடறதுன்னா போடுங்க. புடவையைக் குடுத்துட்டுப் போய்ப் போடுங்கப்பா." சேகர் அந்தப் பக்கம் திரும்பி, "தோ வந்துட்டேம்மா, உங்களுக்கோசரம்தானேம்மா நின்னுக்கினு இருக்கேன்" என்று தேன் ஒழுகச் சொன்னான். திரும்ப என்னைப் பார்த்தபோது தேன் இல்லை.

விஷயம் இதுதான். நான் வேலை செய்யும் கலைக்கூடத்தில் உடைகளைப் பற்றி ஒரு புகைப்படக் கண்காட்சி. அதில் ஒரு படம் நான். வேலைச் சட்டையின் மேல் என் மனைவியின் பட்டுப்புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறேன். அழைப்பிதழில் அதையே அச்சடித்துவிட்டார்கள். இங்கே படிக்க வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளை யாரோ அதை ஒரு குழுவில் போட, மூன்றே நாளில் காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் அனுப்பும் பார்சலுக்கு மூன்று வாரம் ஆகிறது.

"பவித்ராவுக்கு வாலாஜாபாத்துல பேசி முடிக்கற நேரம்ணா" என்றான் சேகர். பவித்ரா அவன் மகள். "பெரியப்பன் ஜெர்மனியில பொம்பள வேஷம் கட்டறானாமேன்னு அவங்க கேட்டா என் மூஞ்சிய எங்க கொண்டு வெப்பேன்? அந்தப் படத்த மாட்ட வேணாம்னு சொல்லு. மாட்டினா, சொல்லிட்டேன், கல்யாணப் பத்திரிகையில உன் பேரு இருக்காது."

புடவையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான். அந்த அம்மாளுக்கு முந்தி சரியாகத் தெரிய வேண்டுமல்லவா.

அழைப்பு முடிவதற்குள் என் கட்டைவிரல் ஒரு காரியம் செய்திருந்தது. அவனைத் திரையோடு படம்பிடித்திருந்தது. வாய் திறந்து, புருவம் ஏறி, அரக்குப் புடவையில் என் தம்பி.

2

இந்தக் கோடையோடு நான் இங்கே வந்து பதினோரு வருடம். என் மனைவி செல்வி செவிலியர். அவளுக்கு வேலை கிடைத்தது, நான் கூட வந்தேன். இதைச் சொன்னால் ஊரில் சிலர் எனக்காகக் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார்கள். நான் தாழ்த்துவதில்லை.

வந்த புதிதில் அயல்நாட்டவர் அலுவலகத்தில் ஒரு அம்மாள் முன் உட்கார்ந்திருந்தேன். முன்பு என்ன தொழில் என்று கேட்டார். பட்டுப்புடவைக் கடையில் வேலை என்றேன். கணக்கரா, கிடங்கா, தையலா? மூன்றும் இல்லை, தோளில் போட்டுக் காட்டுகிறவன். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். என் ஜெர்மன் மொழிக்கு அப்போது மூன்று மாத வயது. விளக்குகிறேன் பேர்வழி என்று, "ஒரு நாளைக்கு நாற்பது பெண்களை நான் உடுத்தினேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பட்டியலின் கடைசிக் கட்டத்தில் ஒரு கோடு கிழித்தார். இதர. இந்த நாட்டு ஏடுகளில் இன்றுவரை என் தொழில் அதுதான்.

இப்போது கலைக்கூடத்தின் வாசலில், வருகிறவர்களின் மேலங்கிகளை வாங்கி மாட்டி, எண் பொறித்த வில்லை ஒன்றைக் கையில் கொடுக்கிறேன். பதினோரு குளிர்காலமாக இவர்களுடைய தோள்களிலிருந்து இறங்குவதையெல்லாம் வாங்கிக்கொண்டிருக்கிறேன். கம்பளியில் பனி. பனிக்கு அடியில் சிகரெட். சிகரெட்டுக்கு அடியில் ஏதோ ஒரு வீட்டின் சமையல். துணி எதையும் மறைக்காது. எந்த ஊர்த் துணியும்.

கண்காட்சி தொடங்கும் நாள்களில் வருகிற உடைகளைப் பார்க்க வேண்டும். சைக்கிள் டியூப்களை அறுத்துப் பின்னிய கோட்டு. எக்ஸ்ரே தாள்களைச் சேர்த்துத் தைத்த மழைச்சட்டை. யாருடைய விலா எலும்போ போட்டிருப்பவரின் விலாவுக்கு மேல். ஒரு பெண் போட்டு வந்த சட்டைக்கு ஒரு கை மட்டும் மூன்று மீட்டர் நீளம். அதைச் சுருட்டிக் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள், குழந்தையை ஏந்துவதுபோல. உடன் வேலை செய்பவர்கள் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வருவார்கள். நான் சிரிப்பதில்லை. துணியைப் பார்த்துச் சிரிக்கிறவன் பட்டுக்கடையில் ஒரு நாள் தாங்கமாட்டான். அந்த நீளக் கையை எப்படி மாட்டுவது என்று கேட்டேன். "நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள்" என்றாள்.

3

ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், நீங்கள் இதைப் பார்த்துக்கொண்டே பார்க்காமல் இருக்கிறீர்கள்.

கல்யாணப் புடவை எடுக்க ஒரு குடும்பம் வருகிறது. இருபது பேர். வெள்ளை விரித்த மெத்தை. பொட்டணம் பிரிந்து, புடவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து மேடாகின்றன. மாமியாராகப் போகிறவர் ஒன்றைத் தொட்டு, "உடம்புல எப்டி இருக்கும்?" என்பார். உடனே ஒரு ஆண் எழுந்து நிற்பான். சட்டைப் பையில் பேனா, மணிக்கட்டில் கோயில் கயிறு, மேலுதட்டில் மீசை. இடுப்பில் நாலு மடிப்பு, தோளில் முந்தி. நின்று காட்டுவான். "கொஞ்சம் திரும்புப்பா." திரும்புவான். "வெளிச்சத்துக்கு வா." வருவான். இருபது பேரும் தலைசாய்த்துப் பார்ப்பார்கள். ஒருவர்கூட அவனைப் பார்க்கமாட்டார்.

அந்த மெத்தைமேல் நான் பதினோரு வருடம் நின்றேன்.

எனக்கு அங்கே ஒரு தனி மதிப்பு இருந்தது. நான் நல்ல கறுப்பு. பெண்ணைக் கூட்டி வராமல் தாய்மட்டும் வருவார். சேகர் சிவப்பு, அவன் எழுந்தால், "நீ இருப்பா" என்று உட்கார வைத்துவிட்டு, கடையைக் கண்ணால் துழாவி என்னைப் பிடிப்பார். கிட்டே வந்து குரலை இறக்குவார். "எங்க பொண்ணும் உங்க நெறம்தாம்பா." மன்னிப்புக் கேட்பதுபோல இருக்கும். யாரிடம் கேட்கிறார், எதற்குக் கேட்கிறார்? வெளிறிய நிறங்களாகப் பொறுக்குவார்கள். வெங்காயத்தோல், சந்தனம், பால்வெள்ளை. பெண்ணைக் கொஞ்சம் அழித்துக் காட்டும் நிறங்கள்.

ஒரு நாள் அப்படி ஓர் அம்மாள் வந்தார், செய்யாறு பக்கத்துக்காரர். நான் மாம்பழ மஞ்சளை எடுத்துத் தோளில் போட்டேன், கிளிப்பச்சைக் கரை.

"ஐய, இது அவளுக்கு எடுக்காதுப்பா."

"எனக்கு எடுக்குதாம்மா?"

"உனக்கு எதுக்குப்பா?"

"சும்மா சொல்லுங்க. எனக்கு எடுக்குதா, இல்லியா?"

அந்த அம்மாள் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பதினோரு வருடத்தில் மெத்தைக்கு எதிரிலிருந்து என் முகத்தைப் பார்த்த ஒரே வாடிக்கையாளர். நிதானமாகப் பார்த்தார், புடவையையும் என்னையும் சேர்த்து.

"எடுக்குது" என்றார்.

"அப்ப உங்க பொண்ணுக்கும் எடுக்கும்."

வாங்கிக்கொண்டு போனார். முதலாளி அன்று என்னைக் கூப்பிட்டு, கஸ்டமரிடம் கேள்வி கேட்கிற வேலையெல்லாம் வேண்டாம் என்றார்.

4

உல்ரிக்கே என்னைப் பிடித்ததும் துணியால்தான். அவள் புகைப்படக்காரி, அறுபது வயது, பழைய பாராசூட் துணியில் தைத்த அங்கியோடு நடமாடுகிறவள். ஒரு மதியம், கலைக்கூடத்துக்கு வந்த முதியவர் ஒருவரின் நீளப் பட்டுச் சால்வை கீழே நழுவியது. எடுத்தேன். உதறினேன். அடுத்து நடந்ததை நான் செய்யவில்லை, என் தோள் செய்தது. சால்வை இடது தோளில் ஏறிவிட்டது. வலது கையின் இரண்டு விரல் அதன் ஓரத்தைப் பிடித்து, ஒரு விசிறு விசிறி, முழுவதையும் விரித்துக் காட்டிக்கொண்டு நின்றேன். முதியவர் கைதட்டினார். வரிசையில் நின்ற உல்ரிக்கே, "இன்னொரு முறை" என்றாள்.

செல்வியிடம் புடவை கேட்டேன். மயில்கழுத்து நிறம், எங்கள் கல்யாணத்துக்கு மறுநாள் அவள் கட்டியது.

"படம் எடுக்கறதுல எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாள். "வேர்வை ஜரிகையில படக்கூடாது. அப்புறம், என்னவிட உங்களுக்குத்தான் நல்லா இருக்குதுன்னு எவளாவது சொன்னா, அத என்னாண்ட வந்து சொல்லக்கூடாது."

மேலங்கிகள் வரிசையாகத் தொங்கும் என் அறையிலேயே உல்ரிக்கே படம் எடுத்தாள். கறுப்புச் சட்டை, பெயர் வில்லை, தோளில் மயில்கழுத்து. சிரிக்கச் சொல்லவில்லை, சிரிக்காதே என்றும் சொல்லவில்லை. விலை கேட்பதற்குச் சற்று முந்தைய நேரத்தில் கடையில் ஒரு முகம் வைத்திருப்போம். அதை வைத்துக்கொண்டு நின்றேன்.

படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் காட்டியபோது, என் தம்பி சொல்லப்போவதில் ஒரு பாதி சரி என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. கடையில் பார்ப்பவர்கள் புடவையைப் பார்ப்பார்கள். இந்தப் படத்தில் கண் முதலில் என்னிடம்தான் வருகிறது. மீசையில் நரை. கறுப்புத் தோலில் ஜரிகையின் ஒளி. கடையில் நிற்பதும் படத்தில் நிற்பதும் ஒன்றல்ல, சேகர் சொல்வது உண்மை. மறுக்கவில்லை.

ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது. அதில் நான் அழகாக இருக்கிறேன். ஐம்பதைத் தாண்டியவன் இதை எழுதக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

5

சேகர் திட்டிய அன்று மாலை வீட்டில், கலைக்கூடம் அனுப்பிய தாளை மேசையில் விரித்தேன். இந்த நாட்டில் ஒருவர் முகத்தை மாட்டுவதற்கு அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கொடுத்த கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் ஒரு தாள். மூன்று கட்டங்கள். ஒன்று: படம் வேண்டாம். இரண்டு: படம் இருக்கட்டும், பெயர் வேண்டாம். மூன்று: பெயரோடு. வியாழக்கிழமை நண்பகலுக்குள் எழுத்தில் தர வேண்டும்.

அதற்குள் சேகரிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. "அட்லீஸ்ட் பேரயாவது எடுத்துடுண்ணா." இரண்டாம் கட்டத்தைக் காஞ்சிபுரத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டான்.

தாளோடு இன்னொரு தாள், படத்துக்கு அருகில் சுவரில் ஒட்டப்போகும் வாசகம். உல்ரிக்கே எழுதியது. என் மகள் யாழினியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். பதினேழு வயது. ஆறு வயதில் வந்தவள். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள், நான் ஜெர்மனில் கேட்டால் திருத்துவாள். அவள் நண்பர்கள் வீட்டுக்கு வரும்போது நான் உள்ளறையில் இருந்தால் அவளுக்கு நிம்மதி, எனக்குத் தெரியும். படத்தை அவளிடம் காட்டியபோது தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள்.

அவள் படிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"என்னாம்மா?"

"அப்பா, இது நல்லா இல்ல."

"என்னா எழுதியிருக்குதுன்னு தமிழ்ல சொல்லு."

சொற்களைத் தேடித் தேடிச் சொன்னாள். பழமையில் மூழ்கிய ஒரு கோயில் நகரத்தில் பிறந்தவர் இவர். அங்கே ஓர் ஆண் பெண்ணின் உடையைத் தொடுவதும் தடை. எங்கள் நகரத்துக்கு வந்த பிறகே, தன் உடலை விடுதலை செய்யும் துணிவைப் பெற்றார்.

"அவங்க உன்ன பாவம்னு எழுதியிருக்காங்க" என்றாள் யாழினி. "பாவம், ஆனா தைரியம். அந்த மாதிரி."

சேகர் வேஷம் என்கிறான். உல்ரிக்கே விடுதலை என்கிறாள். இருவருக்கும் நடுவில் என் தோள் நிற்கிறது, அதை யாரும் கேட்கவில்லை.

வேஷம் என்பதற்கு என் பதில்: அப்படியே கட்டினால்தான் என்ன? ஆசைப்பட்டுப் புடவை கட்டும் ஆண்கள் இருக்கிறார்கள். தன்னைப் பெண் என்று அறிந்து கட்டுகிறவர்கள் நம் ஊர்ப் பேருந்து நிலையத்திலேயே, உங்கள் பார்வையையும் என் பார்வையையும் தாங்கிக்கொண்டு பட்டப்பகலில் நடக்கிறார்கள். துணிவு அவர்களுடையது. அவர்களுக்குச் சேர வேண்டிய சொல்லைச் சுவரில் என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பது திருட்டு.

விடுதலை என்பதற்கு என் பதிலைச் சொல்ல மறுநாள் காலை சீக்கிரமே கிளம்பினேன்.

6

உல்ரிக்கே கூடத்தில் ஏணிமேல் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தாள். சுவரில் எனக்கான இடம் காலியாக இருந்தது.

"அந்த எழுத்தை எடுத்துவிடு" என்றேன்.

"எந்தச் சொல்?"

"எல்லாச் சொல்லும்."

இறங்கி வந்தாள். அவளுக்கு வலித்தது, பார்த்தேன். கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. என்னைப் பெருமைப்படுத்துவதாகத்தான் நினைத்திருந்தாள். "பார்க்கிறவர்களைத் தொடுவது உன் துணிவுதான்" என்றாள்.

"எனக்கு இருந்தது வேலை."

"அந்தக் கதை இல்லாவிட்டால் இது துணியைக் காட்டும் ஒரு விற்பனையாளனின் படம்."

"ஆமாம். அதை மாட்டு."

அவள் தலையாட்டினாள், மறுப்பாக. ஊரைப் பற்றி நான் கூச்சப்படுகிறேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது. "அங்கே எதிர்ப்பே இல்லையா? உண்மையைச் சொல்."

கைபேசியை எடுத்து சேகரைக் காட்டினேன். திறந்த வாய், ஏறிய புருவம், அரக்குப் புடவை, அகலக் கரை.

"யார் இது? அற்புதம்! இவரும் கலைஞரா?"

"என் தம்பி. ஆண் புடவையைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறான்."

அவள் படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பவும் படத்தை. கைபேசியை விரலால் பெரிதாக்கி, பின்னால் மங்கலாகத் தெரிந்த இன்னொரு ஆளைக் கண்டுபிடித்தாள். அவர் தோளில் ஊதா. அவருக்குப் பின்னால் ஒரு பச்சை.

"எத்தனை பேர்?"

"அந்தத் தெருவிலா? எண்ணியதில்லை. கடை திறந்ததிலிருந்து மூடும்வரை. யாரும் எங்களை விடுவிக்கவில்லை. யாரும் கட்டிப்போடவும் இல்லை. சம்பளம் கொடுத்தார்கள். பார்க்கவில்லை. அவ்வளவுதான்."

ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கேட்டாள், அவளுடைய தொழில் அவளைக் கேட்க வைத்தது: "இந்தப் படத்தை எனக்குத் தருவாயா? உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினால்..."

"முடியாது" என்றேன். "அவன் தாளில் கையெழுத்துப் போடவில்லை."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். ஆனால் சிரித்து முடித்ததும் நான் வந்த காரியத்தைச் சொன்னேன். வாசகத்தை நான் எழுதுவேன். அதை மாற்றாமல் ஒட்ட வேண்டும். ஒட்டமாட்டீர்கள் என்றால் முதல் கட்டத்தில் கோடு கிழித்துவிட்டுப் போகிறேன். படம் இல்லை. என் தம்பியாவது சந்தோஷப்படட்டும்.

அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்றாள். வாசகங்களை மூன்று பேர் பார்த்து ஒப்புதல் கொடுத்தாகிவிட்டதாம். கேள் என்றேன்.

7

புதன்கிழமை மாலை, சமையலறை மேசை. செல்வி மருத்துவமனையில். நான் தமிழில் சொல்ல, யாழினி ஜெர்மனில் எழுதினாள். ஐந்து வரிக்கு இரண்டு மணி நேரம். அவள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு கேள்வி வைத்திருந்தாள்.

"தோள்ல போட்டுக் காட்டறதுன்னா, எவ்ளோ நேரம்?"

"அவங்க வேணாம்னு சொல்ற வரைக்கும்."

"வேணாம்னு சொன்னா கோவம் வராதா?"

"வேற ஒண்ணு போடுவோம்."

"ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

"நாப்பது. ஆடி மாசத் தள்ளுபடியில அறுவது."

பேனாவைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீ இத எனக்குச் சொன்னதே இல்ல" என்றாள். நீ கேட்டதே இல்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவள் கேட்டிருந்தாலும் 'கடையில வேலை பாத்தேன்' என்று முடித்திருப்பேன். இதர என்ற கட்டத்தை அந்த அலுவலக அம்மாள்மட்டும் நிரப்பவில்லை.

எழுதி முடித்தது இது:

"ஏ. தணிகாசலம், பட்டுப்புடவை விற்பனையாளர், காஞ்சிபுரம். இந்தப் படத்தில் அவர் தன் தொழிலைச் செய்கிறார். அவருடைய ஊரில் ஆண்கள் இதைப் பகல் முழுவதும் செய்கிறார்கள்; வாங்க வருகிறவர்கள் புடவையைப் பார்ப்பார்கள். நீங்கள் அவரையும் பார்க்கலாம்."

கடைசி வாக்கியம் யாழினியுடையது. நான் சொல்லவில்லை, அவளாகச் சேர்த்தாள். வேண்டாம் என்றேன். "இருக்கட்டும்பா" என்றாள், தமிழில்.

வியாழக்கிழமை காலை மூன்றாம் கட்டத்தில் கோடு கிழித்து, தாளையும் வாசகத்தையும் கொடுத்தேன். பதினொன்றரைக்கு அலுவலகத்திலிருந்து ஒருவர் மேலங்கி அறைக்கு வந்து, தந்தை பெயரின் முதலெழுத்து அவசியமா, இடம் இடிக்கிறது என்றார். எங்கள் ஊரில் அது இல்லாமல் அழைப்பிதழ்கூட அடிக்கமாட்டார்கள் என்றேன். இடம் விட்டார்கள்.

8

படம் மாட்டியாகிவிட்டது. தொடக்க நாளன்று எக்ஸ்ரே மழைச்சட்டைக்காரர் வந்தார். என் படத்தின் முன் நின்று பார்த்துவிட்டு அறைக்கு வந்து, புடவையின் நீளம் என்ன என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. நல்ல கேள்வி. சொன்னேன்.

நான் வேலை நேரத்தில் இருந்ததால் கூட்டத்தோடு போய் நிற்க முடியவில்லை. கூட்டம் கலைந்த பிறகு யாழினி இரண்டு நண்பர்களைக் கூட்டி வந்து, அறை வாசலில் நின்று, "இது என் அப்பா" என்றாள். கதவுப்பக்கம் ஒதுங்கப் பார்த்தேன். ஒதுங்கவில்லை.

சுவரை, வாசகத்தோடு சேர்த்துப் படமெடுத்து, கீழே தமிழில் அதன் பொருளையும் எழுதி, சேகருக்கு அனுப்பினேன். ஒளித்துச் செய்ததாக இருக்கக் கூடாது. பார்த்துவிட்டான் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீலக்கோடு. பதில் இல்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒன்பது நாள்.

பத்தாம் நாள் பவித்ராவின் கல்யாணப் பத்திரிகை கைபேசிக்கு வந்தது. வாலாஜாபாத்தில் நிச்சயமாகிவிட்டது. எங்கள் குடும்பத்துப் பெயர்கள் வரிசையாக இருந்தன. எவரும் பார்த்தறியாத ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர்கூட இருந்தார். என் பெயர் இல்லை. மூத்த அண்ணன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், அடுத்த பெயர் மேலேறி உட்கார்ந்திருந்தது.

பவித்ராவிடம் கேட்டேன், படத்தைப் பற்றி மாப்பிள்ளை வீட்டில் ஏதாவது பேச்சு வந்ததா என்று. "யாரும் ஒண்ணுமே கேக்கல பெரியப்பா. அப்பாதான் தன்னத்தானே கேட்டுக்கினு இருக்காரு" என்று எழுதினாள்.

வலித்தது. கைபேசியைக் கவிழ்த்துவைத்துவிட்டு, நாலு பேருக்கும் பயணச்சீட்டு போடலாமா என்று செல்வி கேட்டாள். "மூணு பேர்தானே இருக்கோம்?" "புடவைக்கும் ஒண்ணு போடுவீங்களோன்னு கேட்டேன்." மூன்று சீட்டு போட்டோம். பெயர் இல்லாத பத்திரிகைக்குப் போகக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. மண்டபத்து வாசலில் பன்னீர் தெளிப்பவர்கள் பத்திரிகையைச் சரிபார்ப்பதில்லை. முன்வரிசையில் உட்காருவேன். யார் கேட்டாலும் படத்தைக் காட்டுவேன். கேட்காதவர்களுக்கும் காட்டுவேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சேகரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னணியில் கடை. யாரோ பொட்டணம் பிரிக்கிற சத்தம். அவன் குரலை அடக்கிக்கொண்டு பேசினான். பக்கத்தில் வாடிக்கையாளர்கள் இருந்திருக்க வேண்டும்.

"அண்ணா. அந்தப் படத்தைப் பெருசு பண்ணிப் பாத்தேன். இங்க கடையில எல்லாரும் பாத்தாங்க. எல்லாரும்னா எல்லாரும். முந்தி, இடது தோள்ல, ரெண்டு விரக்கட எறங்கிக் கெடக்குதுண்ணா. கரை நேரா உழல. எத்தினி வருசம் நின்ன நீ? கீழ ஊரு பேரு வேற போட்டு வெச்சிக்கினு இப்டியா நிப்ப? நாலு பேரு பாக்கற எடத்துல... மானம் போவுதுண்ணா. அந்தம்மாகிட்ட சொல்லி, ஒழுங்கா நின்னு, திரும்ப எடுக்கச் சொல்லு."

நான்கு முறை கேட்டேன். பிறகு படத்தின் முன் போய் நின்று பார்த்தேன். அவன் சொல்வது சரி. இரண்டு விரற்கடை இறங்கித்தான் இருக்கிறது.

பதில் போட்டுவிட்டேன். திரும்ப எடுக்கப்போவதில்லை. முந்தி ஒன்றும் நழுவவில்லை, தம்பி, தோள்தான் இறங்கியிருக்கிறது. ஐம்பத்தொரு வயது. அதுவும் படத்தில் இருக்கட்டும்.